சீனக் கல்யாண கேக்கும் குவோ தா லீ தட்டும்: இது பொண்ணுக்கு வைக்கிற விலையா?

2024 ஜூன் 8 – மலேசியா கிள்ளான்லேருந்து ஒரு வாசகர் கேட்டது

பையனுக்கு சீனப் பொண்ணு அமைஞ்சிருக்கு, சீனர்ல கான்டனீஸ் பிரிவுக் குடும்பம். பேசி முடிச்ச கையோட ஒரு லிஸ்ட் குடுத்துட்டாங்க. பணம் 8,888 வெள்ளி (ரிங்கிட்), 40 பெட்டி கேக், தேங்கா ஒரு ஜோடி, மது பாட்டில் ஒரு ஜோடி, கோழி, காஞ்ச கடல் சாமான், நகை. மனசு ஒப்பவே மாட்டேங்குது. வரதட்சணை வாங்கக் கூடாதுன்னு பையனை வளத்தவன் நான், இப்ப பொண்ணுக்கு விலை குடுக்கச் சொல்ற மாதிரி இருக்கு. அதுவும் 40 பெட்டி கேக்கை யாரு திம்பாங்க? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

2024 ஜூன் 8, ராத்திரி

அண்ணே, விலை இல்ல. கோவப்படுறதுக்கு முன்னாடி சம்பந்தி வீட்டுல ஒண்ணே ஒண்ணு கேளுங்க, இதுல எவ்வளவு திரும்பி வரும்னு. விஷயமே அங்கதான் இருக்கு. குவோ தா லீன்னா பையன் வீட்டுலேருந்து பெரிய சீர் எடுத்துட்டுப் போறது. ஹுய் லீன்னா பொண்ணு வீட்டுக்காரங்க பெரும்பாலும் அன்னைக்கே பதில் சீர் வச்சு அனுப்புறது. ரெண்டும் சேந்தாத்தான் ஒரு சடங்கு. உங்க கையில இருக்கறது முதல் பாதி லிஸ்ட் மட்டும்தான்.

நான் ஈப்போ. என் தம்பி கட்டுனது இங்கயே ஒரு கான்டனீஸ் வீட்டுப் பொண்ணை. அன்னைக்கு தட்டு தூக்கிட்டுப் போனவங்கள்ல நானும் ஒருத்தி. கேக் பத்தி நாளைக்கு எழுதறேன், அது ஒரு வரியில முடியற விஷயம் இல்ல.

2024 ஜூன் 9

40 பெட்டியை யாரு திம்பாங்கன்னா, உங்க வீட்டுலயும் திங்கப் போறதில்ல, பொண்ணும் மாப்பிள்ளையும் திங்கப் போறதில்ல. அந்த கேக் பொண்ணோட அம்மா அப்பா தங்களோட சொந்தக்காரங்க, அக்கம்பக்கம், பழைய டீச்சர், ஆபீஸ் ஆளுங்கன்னு வீடு வீடாக் குடுக்கறதுக்கு. பத்திரிகையோட சேத்துக் குடுப்பாங்க, இல்ல அதுக்கு முன்னாடியே குடுப்பாங்க. "எங்க பொண்ணுக்கு நிச்சயமாயிடுச்சு"ன்னு ஊருக்குச் சொல்றது அந்த கேக்தான். காசு உங்களோடது, யாருக்குக் குடுக்கணும்ங்கற முடிவு அந்தம்மாவோடது. 40 பெட்டின்னா அவங்க 40 வீட்டுக்கு சொல்லப் போறாங்கன்னு அர்த்தம், அவ்வளவுதான். நம்ம வீட்டுப் பொண்ணுக்குன்னா பத்திரிகை எத்தனை அடிக்கறோம்னு யோசிச்சுப் பாருங்க, 40 ரொம்பக் கம்மி.

கேக்னதும் க்ரீம் தடவுன அடுக்கு கேக்கை நெனைக்காதீங்க. இது தட்டையா, வட்டமா, கை அகலத்துக்கு இருக்கும், மேல சிவப்பு மையில இரட்டை மகிழ்ச்சி எழுத்து முத்திரை. கான்டனீஸ்காரங்க சிவப்பு, மஞ்சள், வெள்ளைன்னு கலர் கலரா செய்வாங்க. பெரும்பாலும் சிவப்புக்குள்ள தாமரை விதை அரைச்ச இனிப்பு, மஞ்சளுக்குள்ள பாசிப்பருப்பு, வெள்ளைக்குள்ள அஞ்சு வகை கொட்டையும் விதையும் கலந்தது. கூடவே வால்நட் பேர் வச்ச ஒரு மொறுமொறு பிஸ்கட். தோல் செய்யறது தனி வேலை. மாவுல ரெண்டு உருண்டை, ஒண்ணு தண்ணியும் கொழுப்பும் விட்டுப் பிசைஞ்சது, இன்னொண்ணு வெறும் கொழுப்புல பிசைஞ்சது. இந்த ரெண்டாவதை முதல்ல வச்சு மூடி, தேச்சு, மடிச்சு, திரும்பத் தேச்சு, திரும்ப மடிச்சு எடுப்பாங்க. வெந்ததும் நம்ம காஜா மாதிரி அடுக்கடுக்கா பிரியும். கத்தி வச்சா பாதித் தோல் மேசை மேலதான், அதனால எங்க சம்பந்தியம்மா கீழ உள்ளங்கையை ஏந்திக்கிட்டு ரெண்டு கட்டை விரலால விண்டு குடுப்பாங்க, உதிர்ந்த தூளை அப்படியே வாயில போட்டுக்குவாங்க.

ஹாங்காங்ல இந்த கேக்கை பழையபடி எடை போட்டுத்தான் பேசுவாங்க. ஒரு காட்டி சுமார் 600 கிராம், நூறு காட்டி சேந்தா ஒரு தாம். அந்தக் காலத்துல வசதியான வீடுன்னா "எத்தனை தாம்"னுதான் கேள்வி. அங்க கீ வா கடை 1938ல யாவ் மா தேய் ஷாங்காய் தெருவுல மளிகைக் கடையா ஆரம்பிச்சது, இன்னைக்கும் கல்யாண கேக்னா முதல்ல வாயில வர்ற பேர்கள்ல ஒண்ணு.

2024 ஜூன் 9, கொஞ்ச நேரம் கழிச்சு

முக்கியமானதை விட்டுட்டேன். மேல "கொழுப்பு"ன்னு எழுதுனது பழைய முறையில பன்னிக் கொழுப்பு. உங்க வீட்டுல சைவம் இருந்தா, அக்கம்பக்கத்துல மலாய்க்காரங்க இருந்தா, மிச்சம் வந்த பெட்டியைக் கண்ணை மூடிட்டு நீட்டிடாதீங்க. தாவர எண்ணெயில செஞ்சு தர்ற கடையும் இருக்கு, ஆர்டர் குடுக்கும்போதே கேட்டு வச்சுக்கணும்.

2024 ஜூன் 12

"இந்த கேக் வழக்கம் மூணு ராஜ்யக் காலத்துலேருந்து வந்தது"ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. அது கதைதான், சரித்திரம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா நல்ல கதை, என் வாதத்துக்கு நல்லாப் பொருந்துறதால சொல்றேன். பழைய சீனாவுல சுன் சுவான்னு ஒரு தலைவன், தன் தங்கச்சியைக் கட்டித் தர்றதா ஆசை காட்டி, போட்டித் தலைவன் லியூ பேயை தன் ஊருக்கு வரவழைச்சு மடக்கப் பாக்கறான். லியூ பேயோட மதியூகி ஜூகே லியாங் என்ன பண்றாரு, ஆளுங்களை விட்டு கல்யாண கேக்கை செய்யச் சொல்லி சுன் சுவானோட ஊர் முழுக்க வீடு வீடாப் பங்கு போட வைக்கறாரு. ஊரே கேக் தின்னு முடிச்சிருச்சு, கல்யாணமாம்னு பேசுது. இதுக்கு மேல "சும்மா சொன்னோம்"னு எப்படிப் பின்வாங்க முடியும்? பொய்யாச் சொன்ன கல்யாணம் நெசமாவே நடந்துருச்சு.

கேக்கோட வேலை இதுதான். வாங்கித் தின்ன ஒவ்வொரு வீடும் சாட்சி. ரெஜிஸ்டர் ஆபீஸ் இல்லாத காலத்துல ஊர் வாயில இனிப்பைப் போட்டுட்டா அதுக்கு மேல என்ன பத்திரம் வேணும்?

இன்னும் பழசு வேணும்னா வாத்துக்குப் போகணும். பழைய சீன சோவ் அரச வம்சக் காலத்து சடங்கு நூல்ல கல்யாணத்துக்கு ஆறு படி சொல்லியிருக்கு: கேட்டுப் போறது, பொண்ணோட பேரு விவரம் கேக்கறது, சகுனம் பாத்து சொல்றது, சீர் கொண்டு போறது, நாள் குறிக்கறது, மாப்பிள்ளையே போய் பொண்ணைக் கூட்டி வர்றது. இதுல அஞ்சு படிக்கு காட்டு வாத்து எடுத்துட்டுப் போவாங்க. அது பருவம் தவறாம வந்து போற பறவை, ஜோடி விட்டு ஜோடி மாறாதுன்னு நம்பிக்கை. சீர் கொண்டு போற படிக்கு மட்டும் வாத்து கெடையாது, கருப்பும் சிவப்புமா பட்டுத் துணிக்கட்டு, அதோட ரெண்டு மான்தோல். உங்க கையில இருக்கற லிஸ்ட் அந்தப் பட்டுக்கும் மான்தோலுக்கும் பேரப்புள்ளைன்னு வச்சுக்கங்க.

2024 ஜூன் 15

திரும்பி வர்றது பத்தி முதல் நாள் தொட்டுட்டு விட்டு நாளாச்சு, வேலை. இதை உக்காந்துதான் எழுதணும்.

தம்பிக்கு சீர் கொண்டு போன அன்னைக்கு எங்கம்மா ராத்திரி தூங்கல. தட்டெல்லாம் அவங்க கையால அடுக்குனது. தேங்கா ரெண்டுக்கும் சிவப்பு காகிதத்துல இரட்டை எழுத்து வெட்டி ஒட்டி, ஆரஞ்சு, காளான், காஞ்ச சிப்பி, லோங்கான் பழம், தோலோட வேர்க்கடலை, எள்ளு, தேயிலை, மது, எல்லாம் அந்த வீட்டம்மா சொன்னபடிக்கு. போனோம், உக்கார வச்சாங்க, டீ குடுத்தாங்க. பெரியவங்க எல்லாத்தையும் உள்ள எடுத்துட்டுப் போனாங்க. கொஞ்ச நேரத்துல அதே கூடை திரும்ப வெளிய வருது. தொறந்து பாத்தா நாங்க கொண்டு போன ஆரஞ்சுல பாதி, கடலையில பாதி, மதுல ஒரு பாட்டில், தேங்காயில ஒண்ணு, கேக்ல ஒரு பங்கு, பணக் கவர்லேருந்தும் ஒரு பகுதி.

அம்மா மூஞ்சி செத்துப் போச்சு. நம்ம பக்கம் கொண்டு போன சீரைத் திருப்பி விட்டா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். கார்ல ஏறுன வரைக்கும் ஒரு வார்த்தை பேசல, ஏறுனதும், "வேணாம்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, இவ்வளவு பேரு முன்னாடி எதுக்கு இந்த அவமானம்"னு அழுதாங்க. தம்பி வண்டியை ஓரமா நிறுத்திட்டு எடுத்துச் சொன்னான், "அம்மா, முழுசா எடுத்துக்கிட்டாத்தான் அவமானம். முழுசா எடுத்துக்கிட்டா பொண்ணை வித்ததா ஊர் சொல்லும். பாதியைத் திருப்பிட்டா ரெண்டு வீடும் ஒரே பண்டத்தைப் பங்கு போட்டுச் சாப்பிடுதுன்னு அர்த்தம்". அதுக்கப்புறம்தான் அம்மா கூடையோட அடிப்பக்கத்தைப் பாத்தாங்க. நாங்க கொண்டு போகாத சாமானும் உள்ள இருந்துச்சு, தம்பிக்கு புது கால்சட்டை, பெல்ட், பர்ஸ், ஷூ, வேரோட இஞ்சி, தாமரைக் கிழங்கு, நல்லா வெடிச்சு உப்புன அரிசி மாவு கேக். அம்மா அந்தக் கால்சட்டையை மடியில வச்சு இடுப்பு அளவைத் தடவிப் பாத்தாங்க. சரியா இருந்துச்சு. யாரோ ஒருத்தர் தம்பிகிட்ட கேக்காமலே அளவு கண்டுபிடிச்சு வாங்கியிருக்காங்க.

அதனாலதான் அண்ணே முதல் நாளே சொன்னேன், லிஸ்டைப் பாத்து முடிவு கட்டாதீங்கன்னு. விலைக்கு வாங்குன பொருளுக்கு யாரும் பாதி காசைத் திருப்பிக் குடுத்து, கூட ஒரு ஷூவும் வாங்கி வைக்க மாட்டாங்க.

2024 ஜூன் 16

நேத்து எழுதுனதுக்கு நெறைய பேரு "எங்க வீட்டுலயும் இதே அழுகை"ன்னு போட்டிருக்கீங்க. அப்ப இதை ரெண்டு பக்கமும் முன்கூட்டியே பேசிக்கறது நல்லது. கூச்சப்பட்டா அம்மாக்கள்தான் அழுவாங்க.

இன்னொரு சிக்கலும் வரும், தட்டு எண்ணிக்கை. நமக்கு ஒத்தைப் படை, அஞ்சு, ஏழு, ஒம்பது, பதினொண்ணு. அவங்களுக்கு எல்லாமே ஜோடி. எங்கம்மா 11 தட்டுன்னு நின்னாங்க, அவங்க பாட்டி 10, இல்ல 12ன்னு நின்னாங்க, ரெண்டு பேரும் போன்ல பேரப்புள்ளைங்க மொழிபெயர்ப்புல வாதாடுனதைக் கேக்கணும். கடைசியில எங்க அத்தை ஒரு வழி சொன்னாங்க. மஞ்சள், குங்குமம், பூ, வெத்தலை பாக்கு வச்ச தட்டு சாமிக்கு, அது சீர்க் கணக்குல வராது. நாங்க எண்ணுனா 11, அவங்க எண்ணுனா 10. பாட்டி ஒத்துக்கிட்டாங்க.

பாக்குன்னு சொன்னதும் ஞாபகம் வருது. பழைய கான்டனீஸ் முறையில ஒரு சின்ன சிவப்புப் பெட்டி போகும், அதுக்குள்ள தாமரை விதை, சிவப்பு சீன இலந்தை, எள்ளு, பயறு, நகை, பணம், கூடவே கொட்டைப் பாக்கும் ஜோடியா இருக்கும். அந்தப் பாட்டி பெட்டியைத் தொறந்து காட்டுனப்ப எங்கம்மா "அட, பாக்கு!"ன்னு சத்தமாச் சொல்லிட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் ரெண்டு கெழவிங்களும் பக்கத்துல பக்கத்துல உக்காந்தாங்க.

2024 ஜூன் 20

"நீங்க மலேசியா கதை சொல்றீங்க, சைனாவுல போய்ப் பாருங்க, பொண்ணு வீட்டுல கேக்கற பணத்துல பையன் குடும்பம் கடன்ல முங்குது"ன்னு ஒரு தம்பி கோவமா எழுதியிருக்காரு. உண்மை, மறுக்கல. பெருநிலத்துல இந்தப் பணத்துக்கு சாய்லின்னு பேரு, கிராமப்புறத்துல பல இடத்துல அது பெரிய சுமையாயிடுச்சு. ஜியாங்சி மாகாணம் அதுக்குப் பேர் போனது. சில ஊர்ல நோட்டோட கலரை வச்சே கேப்பாங்க, ஊதா கலர் அஞ்சு யுவான் நோட்டு பத்தாயிரம், சிவப்பு நூறு யுவான் நோட்டு ஆயிரம், அதுக்கு மேல பச்சை அம்பது யுவான் நோட்டு ஒரு பரப்பு. கூட்டிப் பாருங்க, பச்சையை விட்டாலே ஒன்றரை லட்சம் யுவான்.

அங்க சட்டமும் சும்மா இல்ல. 2021லேருந்து நடப்புல இருக்கற சிவில் சட்டத் தொகுப்புல கல்யாணத்தைச் சாக்கா வச்சு சொத்து பிடுங்கக் கூடாதுன்னு இருக்கு. 2024 பிப்ரவரி 1லேருந்து உச்ச மக்கள் நீதிமன்றத்தோட தனி விதிகளும் அமலுக்கு வந்திருக்கு, ரெஜிஸ்டர் பண்ணியும் கொஞ்ச காலம்தான் சேந்து வாழ்ந்தாங்கன்னா சாய்லில எவ்வளவு திருப்பணும்னு கோர்ட் பாத்து முடிவு பண்ணலாம். பண்டிகைக்கு, பொறந்த நாளுக்குக் குடுத்த சின்னப் பரிசெல்லாம் சாய்லி கணக்குல வராதுன்னும் சொல்லிட்டாங்க.

ஆனா தம்பி, என் பதில் இதுதான். தொகை எகிறுன இடத்துல என்ன காணாமப் போச்சுன்னு பாருங்க, திருப்பிக் குடுக்கற பாதிதான். பையன் வீட்டுலேருந்து போறது மட்டும் மிஞ்சி, பதிலுக்கு வர்றது நின்னுட்டா அது கணக்குப் புத்தகம்தான், நானும் உங்க பக்கம்தான். நம்ம ஆளுங்ககிட்டயும் பரிசம் போடறதுன்னு மாப்பிள்ளை வீடு பொண்ணுக்குக் கொண்டு போற வழக்கம் இருந்துச்சு, இன்னும் சில சமூகத்துல இருக்கு. அது தேஞ்சு வரதட்சணை தலை தூக்குனப்ப என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும். போற திசை ஒண்ணே ஒண்ணு ஆனா, எந்தப் பக்கம் போனாலும் ஒரு வீடு அழும்.

2024 ஜூன் 23

மேல நான் இந்த வழக்கத்தை ரொம்ப இனிப்பா எழுதிட்டேனோன்னு யோசனை. எல்லாமே அழகுன்னு சொல்ல வரல. கான்டனீஸ் முறையில கல்யாணமான மூணாம் நாள் பொண்ணு தாய் வீட்டுக்குப் போகும்போது மாப்பிள்ளை வீட்டுலேருந்து சுட்ட பன்னி முழுசா போகும், தங்கப் பன்னின்னு சொல்லுவாங்க. அந்தக் காலத்துல அந்தப் பன்னி வந்தாத்தான் பொண்ணு கன்னியா வந்தாள்னு மாப்பிள்ளை வீடு ஒத்துக்கிட்டதா அர்த்தம். வரலைன்னா? பொண்ணோட அப்பா தெருவுல தலை காட்ட முடியாது. ஒரு பொண்ணோட மானத்தைப் பன்னித் தோல் மேல எழுதி ஊர்வலம் விட்டிருக்காங்க. இதை நெனைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

இன்னைக்கு சுட்ட பன்னி வெறும் விருந்து, பல வீட்டுல கல்யாண நாளே வந்துருது. தலையையும் வாலையும் மாப்பிள்ளை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவாங்க, தொடக்கம் முடிவு ரெண்டும் நல்லா இருக்கட்டும்னு. அர்த்தம் மாறிப் போனதுல சந்தோஷம்.

தைவான்லயும் ஹோக்கியன்ங்கற இன்னொரு சீனப் பிரிவுக்காரங்ககிட்டயும் பன்னிக்கு வேற கணக்கு. பாதிப் பன்னி, இல்ல ஒரு காலு போகும். பொண்ணு வீடு கறியை எடுத்துக்கிட்டு எலும்பையும் குளம்பையும் திருப்பிடும். உங்க கறியைத் தின்னோம், எலும்பைக் கடிக்க மாட்டோம்னு சொல்றது. எனக்கு இந்த மொத்த வழக்கத்துலயும் ரொம்பப் பிடிச்சது இதுதான். சம்பந்தி மேல எவ்வளவு வரைக்கும் பாரம் ஏத்தலாம்ங்கறதுக்கு ஒரு எல்லையை எலும்புல போட்டு வச்சிருக்காங்க.

2024 ஜூன் 27

"சீனருக்கு நாலு ஆகாது, எதையும் நாலாக் குடுத்துடாதீங்க"ன்னு ஒரு அக்கா எச்சரிச்சிருக்காங்க. கான்டனீஸ் வீட்டுக்கு சரி. ஆனா தியோச்சியூங்கற சீனப் பிரிவு வீட்டுல போய் இதைச் சொல்லாதீங்கக்கா. அவங்க மாமியார் மருமகளுக்குப் போடறதே நாலு தங்கம்தான், சிங்கப்பூர்ல சி தியான் ஜின்னு நகைக் கடை போர்டுலயே இருக்கும். செயின், பதக்கம், தோடு, வளையல். வீட்டுக் கூரைக்கு நாலு மூலை, மருமகளே உன் தலைக்கு மேல ஒரு கூரை இருக்குன்னு மாமியார் சொல்ற வாக்கு அது.

சீனவங்கன்னு ஒரே மூட்டையாக் கட்டிட முடியாது. கான்டனீஸ்ல கலர் கேக், தியோச்சியூல கடலை மிட்டாயும் கொழுப்பு விட்டுச் செஞ்ச பியாங்கற பலகாரமும், ஹோக்கியன்ல பருப்பு வச்ச பியா, பினாங்கு பக்கம் மலாய்ப் பழக்கம் கலந்த பெரனாக்கான் சீனர் வீடுகள்ல லாப் சாய்னு சீர் கூடை கூடையாப் போகும். அதனால கேள்வி கேட்ட அண்ணனுக்கு: இங்க யாரு சொன்னதையும் வச்சு வாங்காதீங்க, நான் சொன்னதையும் சேத்துத்தான். பொண்ணோட பாட்டி இருந்தா பாட்டிகிட்ட கேளுங்க. ரெடிமேட் செட் விக்கற கடைக்காரர் எல்லா ஊர் முறையையும் ஒரே டப்பாவுல போட்டுக் குடுத்துடுவாரு.

தேயிலை ஏன்னு ஒருத்தர் கேட்டது: அந்தக் காலத்துல தேயிலைச் செடியை விதை போட்டுத்தான் வளப்பாங்க, பிடுங்கி வேற இடத்துல நட்டா பிழைக்காதுன்னு நம்பிக்கை. அதான் நிச்சயத்துக்கு அடையாளம். ஒரு பொண்ணு "டீ வாங்கிட்டா"ன்னா பேசி முடிச்சாச்சுன்னு அர்த்தம்.

2024 ஜூலை 2

கேக்குக்கு பதிலா கூப்பன் குடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. ஹாங்காங்ல எப்பவோ அதுக்கு மாறிட்டாங்க. அங்க வீடு சின்னது, நூறு பெட்டியை எங்க அடுக்கறது? அதனால பெரியவங்களுக்கு மட்டும் நெஜ கேக், மத்தவங்களுக்கு சிவப்புல அச்சடிச்ச கேக் கூப்பன், வேணுங்கறப்ப கடையில போய் மாத்திக்கலாம். சிலர் மேசை டிராயர்ல வருஷக்கணக்கா கெடக்கும். 1997 கடைசியில, ஆசியா முழுக்க பணச் சிக்கல் இருந்த நேரம், ஒரு பெரிய பேக்கரி மூழ்கப் போகுதுன்னு வதந்தி கெளம்பி, மக்கள் டிராயர்ல கெடந்த கூப்பனையெல்லாம் எடுத்துக்கிட்டு கிளை கிளையா வரிசையில நின்னுட்டாங்க, பேங்க்ல பணம் எடுக்க நிக்கற மாதிரியே. பேக்கரி தாக்குப் பிடிச்சிருச்சு.

என் கருத்து கேட்டா, கொஞ்சமாவது நெஜ கேக் வாங்குங்க. கூப்பன் வசதி, அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா பக்கத்து வீட்டு ஆன்ட்டி பெட்டியைத் தொறந்து கலர் கலரா இருக்கறதைப் பாத்து "யாருக்குக் கல்யாணம்?"னு கேக்கறது கூப்பன்ல வராது. எங்க தெருவுல கேக் பெட்டி குடுத்த அன்னைக்குத்தான் தம்பி பொண்டாட்டியை அடுத்த வீட்டு மலாய் அம்மாவுக்கும் தெரிஞ்சது. அவங்களுக்கு மட்டும் தனியா ஹலால் கடை பிஸ்கட் டின், சம்பந்தியம்மாவே யோசிச்சு வாங்குனது.

2024 ஜூலை 3

சின்னக் குறிப்பு. பணத்தைக் கவர்ல வைக்கும்போது புது நோட்டா வைங்க. வெள்ளைக் கவர் கூடவே கூடாது, சிவப்பு அங்பாவ்தான். கவர் நம்ம மொய்க் கவர் மாதிரி ஒரு ரூபா சேத்து ஒத்தைப் படையா ஆக்கிடாதீங்க, எங்க சித்தப்பா அப்படித்தான் நல்ல மனசோட ஒரு வெள்ளியை உள்ள தள்ளப் பாத்தாரு, தம்பி கையைப் பிடிச்சு நிறுத்துனான்.

2024 ஜூலை 7

தைவான் பத்தி ரெண்டு பேரு கேட்டதால. அங்க கேக் வியாபாரம் வேற அளவுல இருக்கு. தைப்பேய் ஷிலின்ல குவோ யுவான் யேன்னு 1867ல தொடங்குன கடை, அவங்களே ஒரு கேக் அருங்காட்சியகமும் வச்சிருக்காங்க. நான் அங்க போனப்ப பாத்தது, மரத்துல செதுக்குன பழைய கேக் அச்சுங்க. ட்ராகன், பீனிக்ஸ், மீன்னு ஒவ்வொரு செதிலையும் தனித்தனியா கொத்தியிருக்கான் ஆசாரி, மாவு ஒட்டி ஒட்டி மரம் கறுத்து வழவழன்னு ஆயிருக்கு. தொட விடல, தொடணும்போல இருந்துச்சு.

அங்க ரெண்டு வகை. பழைய பாணியில ஒரு பெரிய வட்ட கேக், குடும்பத்துப் பெரியவங்களுக்கு. இளசுங்களுக்கு மேல்நாட்டு பாணி பிஸ்கட் பெட்டி, அழகா டின்ல அடுக்குனது. பையன் வீட்டுக் காசு, பொண்ணு வீட்டுப் பங்கீடு, இந்த விதி அங்கயும் மாறல. பெரிய தொகை, சின்னத் தொகைன்னு பணத்தை ரெண்டாப் பிரிச்சு, பெரியதை எல்லாரும் பாக்கற மாதிரி வச்சுட்டு அப்படியே திருப்பிடற குடும்பம் ஏராளம்.

பொண்ணு தன்னோட கல்யாண கேக்கைத் தானே திங்கக் கூடாதுங்கறது அங்க ரொம்ப கெட்டியான நம்பிக்கை. தன்னோட அதிர்ஷ்டத்தைத் தானே தின்னு தீத்துடுவாளாம். கேக் தேர்ந்தெடுக்க கடை கடையா ருசி பாக்கப் போவாங்க, அதை மட்டும் ஏன் விட்டுடறாங்கன்னா, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி தின்னா கணக்குல வராதாம்! மக்கள் எப்பவும் ஒரு வழி கண்டுபிடிச்சுடறாங்க.

அன்னாசி கேக் தெரியும்ல, தைவான் போயிட்டு வர்றவங்க எல்லாரும் தூக்கிட்டு வர்ற அந்த சின்ன சதுரம். அது நிச்சயதார்த்த கேக் வழியா வந்ததுன்னு அங்க சொல்றாங்க. ட்ராகன் கேக்குக்குள்ள கறி, பீனிக்ஸ் கேக்குக்குள்ள அன்னாசி. அந்த பீனிக்ஸ் பெருசா இருந்ததால அப்புறம் ஒரு வாய் அளவுக்கு சுருக்கிட்டாங்களாம். இனிமே ஏர்போர்ட்ல வாங்கும்போது ஒரு நிச்சயதார்த்தத்தை வாயில போட்டுக்கறதா நெனைச்சுக்கங்க.

2024 ஜூலை 13

கிள்ளான் அண்ணன் தனியா எழுதியிருந்தாரு, சம்பந்தி வீட்டுல போய் பேசிட்டு வந்தாராம், பணத்துல பெரும் பகுதி திரும்பி வந்துடும், பொண்ணுக்கு அவங்க பக்கத்துலேருந்து படுக்கை, டீ செட், தையல் பெட்டி, குழந்தைக்கு சிவப்பு எனாமல் பாத்திரம் எல்லாம் வரப் போகுதுன்னு தெரிஞ்சதாம். கேக் 40லேருந்து 60 ஆக்கச் சொல்லி இவரே கேட்டுட்டு வந்திருக்காரு, அவரோட தெருவுக்கும் குடுக்கணுமாம். ரொம்ப சந்தோஷம் அண்ணே.

இப்ப நாள். நீங்க ஆகஸ்ட்னு சொல்லியிருக்கீங்க, வேணாம். ஜூலை 17 ஆடி பொறக்குது, உங்க பக்கம் யாரும் தாலி கட்ட ஒத்துக்க மாட்டாங்க. ஆகஸ்ட் 4 சீன ஏழாம் மாசம் ஆரம்பம், ஆவி மாசம், அவங்க பக்கம் யாரும் ஒத்துக்க மாட்டாங்க, அது செப்டம்பர் 2 வரைக்கும். செப்டம்பர் 3லேருந்து 16 வரைக்கும் ஆவணி, ரெண்டு பக்கத்துக்கும் நல்ல நாள் கெடைக்கும், ஆனா 17ஆம் தேதி நிலாப் பண்டிகை. கல்யாண கேக் செய்யற அதே அடுப்புலதான் மூன்கேக்கும் வேகும், அந்த ரெண்டு வாரம் எந்த பேக்கரியும் உங்க 60 பெட்டியைத் திரும்பிக் கூட பாக்காது. அதே 17 புரட்டாசி ஒண்ணு, உங்க வீட்டுல கறி கெடையாது, பன்னிக் கொழுப்பு கேக்கைப் பத்திப் பேசவே வேணாம். அக்டோபர் 17க்கு மேல ஐப்பசியில பாருங்க. அதுக்கும் பேக்கரிகிட்ட இப்பவே சொல்லி வைங்க, அக்டோபர் 31 தீபாவளி, உங்க வீட்டு முறுக்கு வேலையோட இது மோதாம இருக்கணும்.